பழைய காரில் தனி இசியூ பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்டு ஓடிய எஞ்சினுக்கோ, தொடக்ககால இன்ஜெக்‌ஷன் அமைப்பு கொண்ட எஞ்சினுக்கோ தீப்பொறியையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும், தனித்து இயங்கும் கணினியான இசியூவைப் பொருத்தி முடித்தவர்களுக்கான வழிமுறை இது. இத்தகைய கார்கள் மீண்டும் மீண்டும் அதே சில கோளாறுகளோடுதான் வந்து நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயரிங்கோ, எர்த்தோ, மின்வழங்கலோ, மென்பொருளில் தவறாகக் கொடுக்கப்பட்ட ஏதோ ஓர் அமைப்போதான் காரணமாக இருக்கிறது. எரிபொருள் அட்டவணை காரணமாக இருப்பது அரிது. ஆகவே, எந்த அறிகுறியாக இருந்தாலும் அதற்குரிய சோதனைகள் முடியும்வரை மேப்பில், அதாவது எரிபொருள், டைமிங் அட்டவணைகளில், கை வைக்க வேண்டாம். வயரிங் கோளாறை மேப்பைத் திருத்தி மறைத்துவிட்டால், பின்னொரு நாள் அந்த வயர் சரியாகும்போது மேப் முழுவதும் தவறாகிவிடும்.

மல்டிமீட்டர், டைமிங் லைட், எரிபொருள் அழுத்தமானி, ஃபீலர் கேஜ், இசியூவின் மென்பொருள் உள்ள மடிக்கணினி ஆகியவை கையில் இருக்க வேண்டும். எரிபொருள் குழாயைத் திறக்கும் எந்த வேலைக்கும் தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொடங்கும் முன் அப்போதைய அமைப்புக் கோப்பைத் தனிப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் இசியூவுக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது.

## சாவியைத் திருப்பியும் இசியூ இயங்கவில்லை, அல்லது மடிக்கணினியோடு இணையவில்லை

முதலில் ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள். ரிலே சொடுக்கும் ஒலி கேட்பது மட்டும் போதாது. இசியூ கனெக்டரின் மின்வழங்கல் பின்னில் பேட்டரி வோல்ட்டேஜுக்கும் அங்குள்ள வோல்ட்டேஜுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இசியூவின் எர்த் பின்னிலும் வைத்து, சாவி போட்ட நிலையில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் வர வேண்டும். பழைய கார்களில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டை பெயின்ட்டுக்கும் துருவுக்கும் மேல் முறுக்கப்பட்டிருப்பது வழக்கம். இசியூவின் எர்த் வயர்கள் எல்லாம் பாடிக்குச் செல்லாமல், எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில், சுரண்டிச் சுத்தம் செய்த உலோகத்தில் முடிய வேண்டும்.

மின்வழங்கல் சரியாக இருந்தும் மடிக்கணினி மட்டும் இணையவில்லை என்றால், யூஎஸ்பி கேபிளையும் போர்ட் எண்ணையும் டிரைவரையும் மாற்றிப் பாருங்கள். வேறு கேபிள், வேறு மடிக்கணினி இரண்டிலும் இணையாதபோதுதான் இசியூவைப் பழுது பார்ப்பவரிடம் அனுப்ப வேண்டும்.

## செல்ஃப் சுற்றுகிறது. ஆனால் மென்பொருளில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருக்கிறது

ஆர்பிஎம் தெரியாதவரை இசியூ தீப்பொறியும் தராது, எரிபொருளும் தராது. ஆகவே இந்த நிலையில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதால் பயனில்லை.

### செல்ஃப் அடித்தவுடன் மென்பொருளின் இணைப்பே துண்டிக்கப்பட்டால்

அந்த நொடியில் இசியூ மின்சாரம் இழந்து அணைகிறது என்று பொருள். பல பழைய கார்களின் சாவி சுவிட்ச், செல்ஃப் நிலைக்குச் செல்லும்போது சில மின்வழிகளைத் துண்டித்துவிடும். சாவி போட்ட நிலையிலும் செல்ஃப் நிலையிலும் மின்சாரம் இருக்கும் முனையிலிருந்துதான் மெயின் ரிலேயின் காயிலுக்கு வயர் வர வேண்டும். வயர் சரியான முனையில் இருந்தால், செல்ஃப் சுற்றும்போது பேட்டரி வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியோ, செல்ஃப் மோட்டாரோ, அதற்குச் செல்லும் கனத்த கேபிளோ தளர்ந்துவிட்டது.

### இணைப்பு நிலையாக இருந்தும் ஆர்பிஎம் வரவில்லை என்றால்

கிராங்க் தண்டோடு சுற்றும் பல் சக்கரத்தைப் படித்து இசியூவுக்கு ஆர்பிஎம்மைச் சொல்வது கிராங்க் சென்சார். அது எந்த வகை என்பதைப் பொறுத்து சோதனை பிரிகிறது.

இரண்டு வயர் கொண்ட காந்தச் சென்சாராக இருந்தால், கனெக்டரைக் கழற்றி அதன் மின்தடையை அளக்க வேண்டும். சில நூறு ஓம் முதல் 2 கிலோ ஓம் வரை இருப்பது இயல்பு. முடிவிலி என்று காட்டினால் உள்ளே உள்ள சுருள் அறுந்துவிட்டது. பிறகு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தால் ஏறத்தாழ அரை வோல்ட்டாவது வர வேண்டும். வரவில்லை என்றால் சென்சாருக்கும் பல் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பொதுவாக 0.75 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. கையால் செய்த பிராக்கெட்டுகளில் இந்த இடைவெளி மெல்ல மெல்ல விலகிப் போவதை அடிக்கடி பார்க்க முடிகிறது.

மூன்று வயர் கொண்ட ஹால் சென்சாராக இருந்தால், அதற்கு மின்வழங்கல் வருகிறதா என்றும், சிக்னல் வயர் பல் கடந்து செல்லும்போது மேலும் கீழும் மாறுகிறதா என்றும் பாருங்கள். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினாலே இது தெரியும். சிக்னல் எப்போதும் பூஜ்யத்திலேயே நின்றால், பெரும்பாலும் சிக்னல் வயரை மின்வழங்கலோடு இணைத்து மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை. இசியூவின் மென்பொருளிலோ பலகையிலோ அதை இயக்க வேண்டியிருக்கும், அல்லது வெளியே 1 கிலோ ஓம் அளவில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

### ஆர்பிஎம் தாறுமாறாகத் தாவினால்

மென்பொருளில் உள்ள பல் பதிவை (ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரப் பதிவை) எடுத்துப் பாருங்கள். 36-1 சக்கரமா (36 பல் இடங்களில் ஒன்று விடுபட்டது), 60-2 சக்கரமா (60 இடங்களில் இரண்டு விடுபட்டது) என்று கொடுத்திருக்கும் அமைப்பும், சக்கரத்தில் கண்ணால் எண்ணும் பற்களும் பொருந்த வேண்டும். பொருந்தியும் தாவினால், காந்தச் சென்சாரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். துருவம் தலைகீழாக இருந்தால், விடுபட்ட பல் இருக்கும் இடத்தில் அலையின் வடிவம் குழம்பி, இசியூ சிங்க்கை, அதாவது எஞ்சின் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற கணக்கை, இழக்கும். இரண்டு வயரை மாற்றும் இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் சென்சாரையே புதிதாக வாங்குபவர்கள் அதிகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பல் பதிவு சுத்தமாக வரவில்லை என்றால், ஆசிலாஸ்கோப் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய இடம் இது. மல்டிமீட்டரால் இதற்கு மேல் பார்க்க முடியாது.

## ஆர்பிஎம் தெரிகிறது. தீப்பொறி இல்லை, அல்லது காயில் கொதிக்கிறது

சாவி போட்டு, எஞ்சினைச் சுற்றாமலேயே சில நொடிகளில் காயில் சூடேறினால், உடனே சாவியை அணைத்துக் காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். தீப்பொறி வெளியீட்டின் துருவ அமைப்பு தலைகீழாக இருக்கிறது. அணைந்திருக்க வேண்டிய நேரமெல்லாம் காயில் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் விட்டுவிட்டால் காயிலும், அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் இக்னிஷன் மாட்யூலும் சேர்ந்தே போகும். புதிய அமைப்புக் கோப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் காயிலைக் கழற்றி வைத்துவிட்டு ஏற்றும் வழக்கம் இதனால்தான்.

காயில் சூடாகாமல் தீப்பொறியும் இல்லை என்றால், காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் காலத்து வயரிங்கில் காயிலுக்குச் செல்லும் வழியில் ஒரு பாலாஸ்ட் ரெசிஸ்டரோ ரெசிஸ்டர் வயரோ இருக்கும். அதை விட்டுவைத்தால் புதிய காயிலுக்கு மின்சாரம் போதாது. அதன்பின் மென்பொருளின் சோதனைப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு காயிலாகத் தூண்டிப் பாருங்கள். இக்னிஷன் மாட்யூல் உள்ளேயே அடங்கிய காயிலா, மாட்யூல் வெளியே வேண்டிய காயிலா என்பதை வாங்கிய இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். மாட்யூல் இல்லாத காயிலை லாஜிக் சிக்னல் மட்டுமே தரும் வெளியீட்டில் நேரடியாக இணைத்திருந்தால், இசியூவின் அந்த வெளியீடு எரிந்திருக்கலாம். பல காயில்களில் ஒன்று மட்டும் சோதனைக்குப் பதில் தராமல், காயிலையும் வயரையும் மாற்றியபின்னும் அதே வெளியீடு மௌனமாக இருந்தால், பலகையைப் பழுது பார்ப்பவரிடம் அனுப்புங்கள்.

## தீப்பொறி உண்டு, எஞ்சின் பிடிக்கவில்லை

சில முறை செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

### பிளக் காய்ந்திருந்தால்

சாவி போட்டவுடன் பம்ப் இரண்டு மூன்று நொடிகள் ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லை என்றால் பம்பின் ரிலே, ஃபியூஸ், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். ஓடுகிறது என்றால் அழுத்தமானியை இணையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வழியிலும் எரிபொருளைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் என்பது பொதுவான அளவு. கார்புரேட்டருக்கான பழைய பம்ப் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே அழுத்தம் தரும். பம்பை மாற்றியும் டேங்குக்குத் திரும்பும் குழாயையும் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரையும் மாற்றாமல் விட்டவர்களுக்கும் இதே அறிகுறிதான் வரும்.

அழுத்தம் சரி என்றால் இன்ஜெக்டரின் மின்தடையை அளக்கவும். 12 முதல் 16 ஓம் வரை இருப்பவை உயர் மின்தடை வகை. அவற்றை எந்த இசியூவும் நேரடியாக ஓட்டும். 2 அல்லது 3 ஓம் மட்டுமே இருந்தால், அவை பழைய கார்களில் பரவலாக இருந்த குறைந்த மின்தடை வகை. இசியூவில் அதற்கேற்ற டிரைவர் இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தொடராக ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அளக்காமல் இணைத்துப் பார்க்க வேண்டாம்.

### பிளக் நனைந்திருந்தால்

மென்பொருளில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். கூலன்ட் -40 டிகிரி என்று காட்டினால் சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது. இசியூ கடும் பனி என்று நினைத்து எரிபொருளைக் கொட்டுகிறது. வேறுபாடு பத்து இருபது டிகிரி அளவில் இருந்தால் சென்சாருக்கான அளவீட்டு அட்டவணை தவறு. பரவலாகப் பயன்படும் போஷ் வகைச் சென்சார் 20 டிகிரியில் ஏறத்தாழ 2.5 கிலோ ஓமும், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமும் காட்டும். டாஷ்போர்டில் உள்ள பழைய மானிக்கான ஒற்றை வயர் சென்சாரை இசியூவுடன் பகிர்ந்துகொள்ள முயல வேண்டாம். இரண்டு அளவும் கெடும்.

சாவி போட்டு எஞ்சின் ஓடாத நிலையில், இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் (பெயர்தான் ஒன்று, மேலே சொன்ன மேப் அட்டவணை வேறு), கடல் மட்டத்தில் இருந்தால் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். உயரமான ஊர்களில் அதற்கேற்பக் குறையும். அது தவறினால் எரிபொருள் கணக்கு முழுவதும் தவறும்.

### இன்டேக்கில் வெடித்தால், அல்லது செல்ஃப் மோட்டார் உதைத்து நின்றால்

இது டைமிங் கோளாறு. சரியாகும்வரை எரிபொருளோடு செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, செல்ஃப் சுற்றும்போது டைமிங் லைட்டால் புல்லியின் குறியைப் பாருங்கள். குறி 10 டிகிரியில் நிற்கும்வரை டிரிகர் கோணத்தை, அதாவது விடுபட்ட பல்லுக்கும் பிஸ்டனின் உச்சநிலைக்கும் இடையே மென்பொருளில் கொடுத்த கோணத்தை, திருத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி தரும் அமைப்பில், கோணத்தைத் திருப்பிச் சரிசெய்யும் டயல் கொண்ட டைமிங் லைட் இருமடங்கு கோணம் காட்டக்கூடும் என்பதால், டயலைப் பூஜ்யத்தில் வைத்தே பயன்படுத்துங்கள்.

புல்லியின் குறியையே நம்பக் கூடாத சூழலும் உண்டு. பழைய எஞ்சின்களில் புல்லியின் வெளிவளையம் ரப்பரின் மேல் நழுவியிருக்கலாம். ஒருமுறையாவது பிளக் துளையில் பிஸ்டன் நிறுத்தியை வைத்து, இருபுறமும் மெல்லச் சுற்றி, உண்மையான உச்சநிலையைக் கண்டறிந்து புதிய குறி போட்டுக்கொள்ளுங்கள். குறி சரி, டைமிங் சரி, ஆனால் வெடிப்பு தொடர்கிறது என்றால் காயில்களின் வரிசை எஞ்சினின் தீப்பற்றும் வரிசையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கேம் சென்சார் உள்ள எஞ்சினில் தீப்பொறி 360 டிகிரி தள்ளிவிழும் வாய்ப்பையும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின், பூட்டிய டைமிங்கை 1000 ஆர்பிஎம்மிலும் 3000 ஆர்பிஎம்மிலும் மீண்டும் பாருங்கள். குறி நகர்ந்தால் சென்சாரின் துருவமோ, தாமதத்துக்கான ஈடுசெய்தலோ தவறு. இதைச் சரிசெய்யாமல் லோடு கொடுத்து ஓட்டினால் பிஸ்டன் உடையும் அபாயம் உண்டு.

## ஐடிலிங் ஏறி இறங்குகிறது

முதலில், வெளியேறும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாரைக் கொண்டு எரிபொருளைத் திருத்தும் வசதியையும், தானியங்கி ஐடில் கட்டுப்பாட்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். ஊசலாட்டம் நின்றால் கோளாறு அந்த இரண்டில் ஒன்றின் அமைப்பில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் எரிபொருளை நிறுத்தும் ஆர்பிஎம் எல்லை ஐடிலுக்கு மிக அருகில் இருந்தாலும், எஞ்சின் நிறுத்தி நிறுத்தி எழும். ஐடிலுக்கு மேல் சில நூறு ஆர்பிஎம் இடைவெளி கொடுங்கள்.

அணைத்தும் ஊசலாடினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். பழைய இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய், த்ராட்டில் தண்டின் தேய்ந்த புஷ் ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. சூடான எஞ்சினில் கிளீனரைத் தெளித்துக் கசிவைப் பார்ப்பது தீ விபத்துக்கு வழி. புகை செலுத்திச் சோதிக்கும் வசதி உள்ள பட்டறையில் பத்து நிமிட வேலை அது. மேப் சென்சாரின் குழாய் ஒரே ஒரு சிலிண்டரின் இன்டேக் வழியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அளவு துடித்துக்கொண்டே இருக்கும். எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான அறையிலிருந்து எடுங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போது நொடிப்பொழுது செத்து எழுகிறது

மிகவும் அலைக்கழிக்கும் அறிகுறி இது. மென்பொருளின் பதிவில் இசியூ இயங்கிய நேரக் கணக்கைப் பாருங்கள். அது பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தால் இசியூ ரீசெட் ஆகிறது. கணக்கு தொடர்ந்து, சிங்க் இழப்பு எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் கிராங்க் சிக்னலில் இரைச்சல் புகுகிறது.

இரண்டுக்கும் முதல் சந்தேகம் பிளக்கும் அதற்குச் செல்லும் வயரும்தான். பழைய கார்களில் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் செம்புக் கம்பி மட்டுமே உள்ள வயரும் இருக்கும். அவை வெளியிடும் மின்காந்த இரைச்சல் கார்புரேட்டரை ஒன்றும் செய்ததில்லை, இசியூவைச் சாய்த்துவிடும். ரெசிஸ்டர் உள்ள பிளக்கின் பெயரில் பெரும்பாலும் ஆர் என்ற எழுத்து இருக்கும்: என்ஜிகே நிறுவனத்தின் பிபி6இஎஸ் ரெசிஸ்டர் இல்லாதது, பிபிஆர்6இஎஸ் ரெசிஸ்டர் உள்ளது. பிளக்கோடு இரைச்சல் அடக்கும் வயரையும் சேர்த்து மாற்றுங்கள். பாதிக் கார்கள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும் என்று துணிந்து சொல்வேன்.

சரியாகவில்லை என்றால் கிராங்க் சென்சாரின் வயரைப் பின்தொடருங்கள். அது காயில் வயருக்கும் ஆல்டர்னேட்டர் கேபிளுக்கும் விலகிச் செல்ல வேண்டும்; அதன் மேலுறைக் கவசம் இசியூ முனையில் மட்டுமே எர்த் செய்யப்பட வேண்டும். சென்சார்களின் எர்த் வயர்கள் எதுவும் எஞ்சினிலோ பாடியிலோ முடியக் கூடாது. அவை இசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும்.

அடுத்து ஆல்டர்னேட்டர். எஞ்சினை அணைத்து, அதன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுற்றினால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். கோளாறு மறைந்தால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரோ டையோடோ கெட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி சார்ஜைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை இசியூ பொருத்திய காரில் கட்டாயம் கைவிடுங்கள். அப்போது எழும் உயர் வோல்ட்டேஜ் ஒரே அடியில் இசியூவைக் கொன்றுவிடும்.

## உயர் ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங்

லாம்டா மானி அந்த நேரத்தில் எரிபொருள் குறைவு என்று காட்டினால், உடனே காலை எடுத்துவிடுங்கள். முழு லோடில் பெட்ரோல் எஞ்சின் லாம்டா 0.85 முதல் 0.90 வரையிலான அளவில் இருப்பது வழக்கம். எண் கூடக்கூட எரிபொருள் குறைவு என்று பொருள்; 1-ஐத் தாண்டுவது ஆபத்து. ஆனால் எரியாமல் போன கலவையில் உள்ள ஆக்சிஜனும் சென்சாருக்கு எரிபொருள் குறைவு போலவே தெரியும். ஆகவே, அளவைப் பார்த்தவுடன் எரிபொருளைக் கூட்டிவிடாமல், அழுத்தமானியைக் கண்ணாடிக்கு வெளியே தெரியுமாறு கட்டி, அந்த ஆர்பிஎம்மில் அழுத்தம் விழுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் ஃபில்டர், பம்பின் மின்வயர், பம்ப் என்ற வரிசையில் மாற்றுங்கள். வளைவுகளில் மட்டும் விழுந்தால் பழைய டேங்கில் தடுப்புத் தகடு இல்லை. இடைநிலைத் தொட்டி ஒன்று தேவைப்படும்.

அழுத்தம் நிலையாக இருந்தால், இன்ஜெக்டர் திறந்திருக்கும் விகிதத்தைப் பதிவில் பாருங்கள். 85 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஜெக்டர் சிறியது. அதுவும் இல்லை என்றால் பிளக் இடைவெளியையும் காயில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் ட்வெல் நேரத்தையும் அந்தக் காயிலுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மூன்றும் சரி என்றால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அது எஞ்சின் திறக்கும் வேலை. எஞ்சின் பில்டரிடம் ஒப்படைக்கவும். லோடில் எரிபொருளையும் டைமிங்கையும் இறுதி செய்வதையும், காரை நிறுத்திவைத்தே லோடு கொடுக்கும் டைனோ வைத்திருக்கும் டியூனரிடம் விடுவதே மலிவு.

## சூடான எஞ்சின் மீண்டும் பிடிக்க மறுக்கிறது

நின்ற எஞ்சினின் வெப்பம் காற்றுச் சென்சாரில் ஏறி, இசியூ எரிபொருளைக் குறைத்துவிடும். சென்சாரை எஞ்சினின் உலோகத்திலிருந்து ஃபில்டருக்கு அருகில் மாற்றினாலே பெரும்பாலும் தீரும். தீரவில்லை என்றால், சூடாக இருக்கும்போதே கிராங்க் சென்சாரின் மின்தடையை அளங்கள். குளிர்ந்தபோது நன்றாக இருந்து சூட்டில் மட்டும் அறுபடும் சுருள்கள் உண்டு. அணைத்த பத்து நிமிடத்தில் எரிபொருள் அழுத்தம் முற்றிலும் இறங்கினால் பம்பின் வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது.

## சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை

ஆல்டர்னேட்டர் எச்சரிக்கை விளக்கின் வழியே மின்சாரம் பின்னோக்கி வந்து மெயின் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிறது. ரிலேயைப் பிடித்து வைக்க மிகச் சிறிய மின்னோட்டமே போதும். சோதனையாக அந்த விளக்கைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் நின்றால் அந்த வயரில், ஆல்டர்னேட்டரை நோக்கி மட்டும் மின்சாரம் செல்லுமாறு ஒரு டையோடைச் சேர்த்தால் போதும். நிற்கவில்லை என்றால் இசியூவுக்கு ஒரு ரிலேயும் இன்ஜெக்டர், காயிலுக்கு வேறொரு மூலமும் இருக்கிறதா என்று பாருங்கள்; இரண்டையும் ஒரே மெயின் ரிலேயின் கீழ் கொண்டுவர வேண்டும்.

## எல்லாம் ஓடுகிறது. டேக்கோமீட்டர் மட்டும் அசையவில்லை

பழைய டேக்கோமீட்டர் காயிலின் நெகட்டிவ் முனையில் எழும் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பை எதிர்பார்க்கிறது. இசியூவின் வெளியீடு 12 வோல்ட் மட்டுமே. அந்த வெளியீடு எர்த்தை இழுக்கும் வகையாகவும் உயர் துடிப்பைத் தாங்கும் என்று கையேட்டில் சொல்லப்பட்டதாகவும் இருந்தால், 12 வோல்ட்டுக்கும் அதற்கும் இடையே தொடர்பு முனைகளைக் கழற்றிய ஒரு ரிலேயின் சுருளை இணைத்து, அந்தச் சந்திப்பிலிருந்து டேக்கோமீட்டருக்கு வயர் எடுக்கலாம். சுருளின் குறுக்கே டையோடோ ரெசிஸ்டரோ உள்ள ரிலே இதற்கு உதவாது. கையேட்டில் அப்படிச் சொல்லப்படவில்லை என்றால், டேக்கோமீட்டரின் உள்சுற்றை மாற்றித் தரும் மானி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.